சி.எஸ்.கே. ஷேர் வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு: காவிரி, கொழும்பு, விவோ கணக்கு

தென்னூர் உழவர் சந்தை மைதானத்துல பொதுக்கூட்டம் இருந்தா அன்னிக்கு எங்க ஆபீஸ்ல வீடியோ ஷூட் கிடையாது. ஜன்னலை எல்லாம் சாத்தினாலும் மைக்ல பேச்சுதான் கேக்கும், நான் பேசறது கேக்காது. போன மாசம் அப்படி ஒரு சாயங்காலம் கேமராவை மடக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தப்போ நம்ம சேனலைப் பாக்கற தம்பி ஒருத்தன் வந்தான். நவல்பட்டு ஐ.டி. பார்க்ல வேலை, வயசு இருபத்தாறு. கையில ரெண்டு லட்ச ரூபா போனஸ்.

"அண்ணே, சி.எஸ்.கே. அன்லிஸ்டட் ஷேர் வாங்கலாமா? மொத்தத்தையும் போட்டுடலாம்னு இருக்கேன்."

இந்தக் கேள்வி கமெண்ட்லயும் வாரத்துக்கு நாலு தடவை வருது. அவனுக்கு இருந்த ஒரே சந்தேகம், தோனி முழுசா ஒதுங்கிட்டா விலை விழுமாங்கறதுதான். நல்ல சந்தேகம்தான். ஆனா அந்த நேரம் பாத்து வெளிய மைக்ல காவிரி, மேக்கேதாட்டுன்னு யாரோ பேசிட்டு இருந்தாங்க. "தம்பி, அதைக் கேட்டியா? உன் ஷேருக்கு அதுவும் ஒரு ரிஸ்க்"னு சொன்னேன். அவன் சிரிச்சான். அன்னிக்கு அவன்கிட்ட ஒன்றரை மணி நேரம் பேசினதை இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதறேன்.

முதல்ல இந்த ஷேர் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியணும். 2008-ல இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு ஏலத்துல எடுத்துச்சு. அப்புறம் அணியைத் தனிக் கம்பெனியா பிரிச்சு, இந்தியா சிமெண்ட்ஸ் ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு அந்தப் புதுக் கம்பெனி ஷேரைக் கொடுத்தாங்க. சிமெண்ட் ஷேர் வாங்கின தாத்தாக்கள் பலர் டீமேட்ல கிரிக்கெட் டீமும் வந்து உக்காந்துடுச்சு. இன்னும் பங்குச் சந்தையில பட்டியலாகலை. அதனால வாங்கறதும் விக்கறதும் இடைத்தரகர்கள் மூலமாத்தான்.

2018 ஏப்ரலுக்கு வருவோம்

அப்போ நான் சி.ஏ. முடிச்சு சில வருஷம்தான். ரெண்டு வருஷத் தடைக்கு அப்புறம் சி.எஸ்.கே. திரும்பி வந்த சீசன். நானும் ரெண்டு நண்பர்களும் சேப்பாக்கம் மேட்ச் ஒண்ணுக்கு டிக்கெட் எடுத்து, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல பெர்த்தும் போட்டாச்சு.

அதே நேரத்துல காவிரி கொதிச்சுட்டு இருந்துச்சு. பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்து, ஆறு வாரத்துல செயல் திட்டம் வகுக்கணும்னு மத்திய அரசுக்குச் சொல்லியிருந்துச்சு. மார்ச் கடைசியில கெடு முடிஞ்சுது, ஒண்ணும் நடக்கலை. தமிழ்நாடு முழுக்கப் போராட்டம். இந்த நேரத்துல சென்னையில கிரிக்கெட் கொண்டாட்டம் தேவையான்னு கேள்வி எழுந்துச்சு. ரஜினிகாந்த்கூட, இப்போ ஐ.பி.எல். நடத்தறது சங்கடமா இருக்கு, நடத்தித்தான் ஆகணும்னா சென்னை வீரர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திட்டு ஆடட்டும்ங்கற மாதிரி சொன்னார்.

என் பெரியப்பாவுக்கு லால்குடி பக்கம் நிலம். அவர்கிட்ட மேட்ச் பாக்கப் போறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். "வாய்க்கால்ல தண்ணி இல்லாம நாங்க கெடக்கோம், உனக்கு விசில் அடிக்கணுமாடா?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணவும் மனசு வரலை. ரெண்டும் உண்மை.

ஏப்ரல் 10, கொல்கத்தாவோட மேட்ச். சேப்பாக்கத்தைச் சுத்திப் போலீஸ், வாலாஜா சாலையில மறியல், கைது. உள்ளே பவுண்டரி பக்கம் நின்ன ஜடேஜாவைப் பாத்து செருப்பு வந்து விழுந்துச்சு. மறுநாளே முடிவு பண்ணிட்டாங்க. மிச்சம் இருந்த ஆறு ஹோம் மேட்ச்சும் புனேவுக்குப் போச்சு. எங்க பெர்த்தும் போச்சு.

புனே போனதும் இன்னொரு கூத்து. அங்க மைதானத்துக்குப் பவனா ஆத்துத் தண்ணியைப் பயன்படுத்தக் கூடாதுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. தண்ணிப் பிரச்சினைன்னு ஓடி வந்த ஊர்லயும் தண்ணிப் பிரச்சினை!

இப்போ கணக்கு. அந்தத் தம்பிகிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்து, "ஆறு மேட்ச் ஊர் மாறினதுல சி.எஸ்.கே.வுக்கு எவ்வளவு நஷ்டம் இருக்கும்னு நினைக்கிற?"ன்னு கேட்டேன். பாதி வருமானம் போயிருக்கும்ணேன்னான். பெரும்பாலானவங்க அப்படித்தான் நினைக்கறாங்க.

ஒரு ஐ.பி.எல். அணிக்குப் பணம் மூணு வழியில வருது. ஒண்ணு, டி.வி.-டிஜிட்டல் உரிமையையும் டைட்டில் ஸ்பான்சரையும் பி.சி.சி.ஐ. மொத்தமா வித்து, அதுல அணிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கற பங்கு. ரெண்டு, ஜெர்சியில இருக்கற ஸ்பான்சர்கள். மூணு, டிக்கெட். இதுல முதலாவதுதான் பெரிய தூண். 2018-ல இருந்து 2022 வரைக்குமான உரிமையை ஸ்டார் இந்தியா 16,347.5 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்துச்சு. வருஷத்துக்குச் சுமார் 3,270 கோடி. மேட்ச் சேப்பாக்கத்துல நடந்தாலும் புனேவுல நடந்தாலும் டி.வி.க்கு அதே மேட்ச், அதே விளம்பரம். டி.வி. வீட்டுக் கூடத்துல இருக்கு, அங்க யாரும் மறியல் பண்ண முடியாது.

அடி வாங்கினது டிக்கெட் வரவு மட்டும். அதையும்கூட அணி நிர்வாகம் விளம்பரமா மாத்திக்கிச்சு. சென்னையில இருந்து ரசிகர்கள் ஆயிரம் பேரை 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'னு ஒரு சிறப்பு ரயில்ல புனேவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாடு முழுக்கச் செய்தி. அந்த வருஷம் கப்பும் ஜெயிச்சாங்க.

அப்போ செலவு யார் தலையில விழுந்துச்சு? சேப்பாக்கம் வாசல்ல ஜெர்சி, கொடி, பீப்பி விக்கறவங்க, டீக்கடை, ஆட்டோ, பார்க்கிங் பையன்கள். அவங்களுக்கு ஏழு நாள் வியாபாரம் ஒரு நாளாச்சு. அவங்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, இழப்பீடும் இல்லை. போராட்டத்தை நான் தப்புன்னு சொல்ல வரலை. காவிரிக்காக சத்தம் போடாம வேற எதுக்குப் போடறது? அந்த வருஷம் ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணையில ஒன்பது மதகு வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனதை நேர்ல பாத்தவன் நான். தண்ணி இல்லாத அழுகையும் தண்ணி வந்த அழுகையும் ஒரே வருஷத்துல. ஆனா எறிஞ்ச கல்லு லீக் மேல படவே இல்லைங்கறதையும் ஒரு கணக்கனா சொல்லித்தான் ஆகணும்.

கறுப்பு பேட்ஜ் விஷயத்துக்கு வருவோம். ஒரு சின்னத் துணி. ஏன் குத்தலை? ஐ.பி.எல்.லுக்குச் சென்னையிலயும் வாடிக்கையாளர், பெங்களூருலயும் வாடிக்கையாளர். காவிரியோட மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் கடை போட்டிருக்கற கம்பெனி அது. ஒளிபரப்பு உரிமை வெச்சிருந்த ஸ்டாரோட முதலாளி அப்போ அமெரிக்காவோட ஃபாக்ஸ். நியூயார்க்ல உக்காந்து ஒருத்தர் பாக்கற எக்செல் ஷீட்ல 'காவிரி'ன்னு ஒரு வரிசை கிடையாது. 'பார்வையாளர்கள், தென்னிந்தியா'ன்னு ஒரே வரிசை. அதுல சண்டை மூட்டற எதையும் லீக் அனுமதிக்காது.

சேப்பாக்கமும் கொழும்பும்

காவிரியாவது நம்ம நாட்டுக்குள்ள. 2013-ல வந்தது வெளிநாட்டு விவகாரம்.

திருச்சிக்காரங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. நம்ம ஏர்போர்ட்ல ஏறினா ஒரு மணி நேரத்துல கொழும்பு. 2012 செப்டம்பர்ல வேளாங்கண்ணிக்கு வந்த இலங்கை யாத்திரிகர்களோட பஸ் மேல இங்க திருச்சியில கல் வீசினாங்க. அவங்களைத் தனி விமானத்துல அனுப்பி வெச்சாங்க. 2013 மார்ச்ல சென்னை லயோலா மாணவர்கள் ஆரம்பிச்ச உண்ணாவிரதம் தமிழ்நாட்டுக் கல்லூரி முழுக்கப் பரவுச்சு. தி.மு.க. மத்திய ஆட்சியில இருந்து விலகுச்சு. மார்ச் 26-ம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார்: இலங்கை வீரர்களோ நடுவர்களோ அதிகாரிகளோ கலந்துக்காட்டாதான் தமிழ்நாட்டுல ஐ.பி.எல். மேட்ச் நடத்த முடியும்.

அன்னிக்கே ஐ.பி.எல். ஆட்சிக் குழு கூடி ஒத்துக்கிச்சு. இலங்கை வீரர்கள் சென்னையில மட்டும் ஆட மாட்டாங்க, மத்த ஊர்ல ஆடுவாங்க. விளையாட்டுல அரசியல் கலக்கக் கூடாதுன்னு அடிக்கடி சொல்ற லீகோட தலைவர் ராஜீவ் சுக்லா அப்போ மத்திய அமைச்சர். பி.சி.சி.ஐ. தலைவர் என்.சீனிவாசன், சி.எஸ்.கே.வை வெச்சிருந்த இந்தியா சிமெண்ட்ஸோட தலைமைப் பொறுப்புலயும் அவர்தான்.

இந்த முடிவைக் கொஞ்சம் செலவுக் கணக்கா பாருங்க. மேட்ச்சை ரத்து பண்ணினா டி.வி.க்காரங்களுக்குப் பணம் திருப்பித் தரணும். எல்லா மேட்ச்சையும் வேற ஊருக்கு மாத்தினா சென்னை அணிக்கு நஷ்டம். மாநில அரசை எதிர்த்தா போலீஸ் பாதுகாப்பு கிடையாது. இருக்கறதுலயே மலிவான வழி, சில வீரர்களைச் சில நாள் வெளியில உக்கார வைக்கறது. சன்ரைசர்ஸ் கேப்டன் சங்ககாரா, டெல்லி கேப்டன் ஜெயவர்தனே, புனே கேப்டன் ஏஞ்சலோ மேத்யூஸ், மூணு அணியும் கேப்டன் இல்லாம சேப்பாக்கம் வந்துச்சு. இதுல சன்ரைசர்ஸ் சன் டி.வி.யோட அணி! சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவுக்கும் அகில தனஞ்சயாவுக்கும் சொந்த மைதானத்துல இடம் இல்லை.

எனக்கு இன்னிக்கும் உறுத்தறது முத்தையா முரளிதரன் விஷயம்தான். கண்டித் தமிழர், சென்னை மாப்பிள்ளை, மூணு சீசன் மஞ்சள் சட்டையில ஆடினவர். 2013-ல பெங்களூரு அணியில இருந்தார். ஈழத்தமிழருக்காக வந்த தடை, ஒரு தமிழரையும் சேத்துத்தான் நிறுத்துச்சு. முரளியோட அரசியல் கருத்துகள் மேல பலருக்குக் கோபம் உண்டு, அது தனி விவாதம். ஆனா லீக் அவரோட கருத்தைப் பாத்து நிறுத்தலை. பாஸ்போர்ட்டைப் பாத்து நிறுத்துச்சு.

சென்னையும் கொஞ்சம் விலை கொடுத்துச்சு. அந்த சீசன்ல இங்க நடக்க வேண்டிய ரெண்டு பிளே-ஆஃப் மேட்ச்சும் டெல்லிக்குப் போச்சு. இலங்கை கிரிக்கெட் வாரியமாவது கோபப்பட்டு வீரர்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சா? இல்லை. ஒரு ஊர்ல ஆட முடியலைங்கறதுக்காக மொத்தச் சம்பளத்தையும் யாரும் விடலை. அதுலயும் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆபீஸ்ல அவமானப்பட்டாலும் நாம மறுநாள் பஞ்ச் பண்ணப் போறோமே.

அப்புறம் அந்தத் தடை என்ன ஆச்சு? நீக்கினோம்னு யாரும் பெருசா மேடை போட்டு அறிவிச்ச ஞாபகம் உங்களுக்கு இருக்கா? 2019 ஏப்ரல்ல மலிங்கா மும்பைக்காக சேப்பாக்கத்துல ஆடி நாலு விக்கெட் எடுத்தார். 2022 ஏலத்துல சி.எஸ்.கே. மகீஷ் தீக்‌ஷனாவை எடுத்தப்போ ட்விட்டர்ல ஒரு நாள் புறக்கணிப்பு ஹேஷ்டேக் ஓடுச்சு. அதே வருஷம் மாற்று வீரரா வந்த மதீஷ பத்திரனாவை 2023-ல சேப்பாக்கம் தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு. 2025 சீசனுக்கு 13 கோடி கொடுத்துத் தக்க வெச்சாங்க. மைதானத்துல 'குட்டி மலிங்கா'ன்னு கத்தினவங்கள்ல, 2013-ல கல்லூரி வாசல்ல உக்காந்தவங்களும் கண்டிப்பா இருப்பாங்க. நானே ரெண்டுலயும் இருந்தவன்.

இதை நான் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. முதலீட்டாளரா பாத்தா, தெருக் கோபத்துக்கு ஆயுசு கம்மி, ஒளிபரப்பு ஒப்பந்தத்துக்கு ஆயுசு அஞ்சு வருஷம். லீக் அதைத்தான் நம்பி உக்காந்திருக்கு.

கோபம் அரசாங்கத்துல இருந்து வந்தா?

அப்படின்னா எந்த ரிஸ்க்கும் இல்லையான்னு தம்பி கேட்டான். இருக்கு, வேற பக்கத்துல இருக்கு.

2020 ஜூன் 15, கல்வான். அப்போ ஐ.பி.எல். டைட்டில் ஸ்பான்சர் சீனாவோட விவோ. 2018-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு 2,199 கோடி, அதாவது வருஷத்துக்கு 440 கோடி. நாடு முழுக்கச் சீனப் பொருள் வேண்டாம்னு குரல். பி.சி.சி.ஐ. பொருளாளர் அருண் துமால் அப்போ ஒரு விளக்கம் கொடுத்தார்: சீனக் கம்பெனிகிட்ட வாங்கற பணத்துல 42 சதவீதம் நம்ம அரசுக்கு வரியா கட்டறோம், அதனால அது இந்தியாவுக்குத்தான் உதவிங்கற அர்த்தத்துல. எங்க தொழில்ல இந்த வாதத்தை நிறையக் கேட்டிருக்கோம். "வரி கட்டறேன் சார், இதுவே தேச சேவைதானே"ன்னு சொல்லாத க்ளையண்ட் உண்டா!

ஆகஸ்ட் 2-ம் தேதி வரைக்கும் விவோ தொடரும்னுதான் முடிவு. எதிர்ப்பு ஏறினதும் 6-ம் தேதி அந்த வருஷத்துக்கு மட்டும் நிறுத்தி வெச்சாங்க. அந்த இடத்துக்கு ட்ரீம் 11 வந்துச்சு, 222 கோடிக்கு. கிட்டத்தட்ட பாதி. டைட்டில் ஸ்பான்சர் பணத்துல பாதி எட்டு அணிக்குப் பிரிஞ்சா, ஒரு அணிக்கு 27.5 கோடி வர வேண்டிய இடத்துல 14 கோடிக்கும் கீழ. இங்கதான் அரசியல் முதல் தடவையா லாப நஷ்டக் கணக்குல நேரடியா கை வெச்சுது. இன்னொரு வேடிக்கை, ட்ரீம் 11-லயும் சீனாவோட டென்சென்ட் முதலீடு இருந்துச்சு. பேர் பலகை மாறினாப் போதும்னு ஆயிடுச்சு. 2021-ல விவோ அமைதியா திரும்பி வந்துச்சு, 2022-ல டாடா. டாடாவோட இப்போதைய ஒப்பந்தம் 2024-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு 2,500 கோடி.

இதையே உலக அளவுல பாக்கணும்னா அமெரிக்காவோட என்.பி.ஏ. கூடைப்பந்து லீக். 2019 அக்டோபர் 4-ம் தேதி ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியோட மேனேஜர் டேரில் மோரி, ஹாங்காங் போராட்டக்காரங்களை ஆதரிச்சு ஒரு ட்வீட் போட்டார். சீக்கிரமே அழிச்சும் விட்டார். ஆனா யாவ் மிங் ஆடின அணி அது, சீனாவுல கோடிக்கணக்கான ரசிகர்கள். சீன அரசு டி.வி. ஒளிபரப்பை நிறுத்துச்சு, ஸ்பான்சர்கள் விலகினாங்க. லீக் முதல்ல வருத்தப்படற மாதிரி ஒரு அறிக்கை விட்டுச்சு. அமெரிக்காவுல இதுக்குக் கண்டனம் கிளம்பினதும் கமிஷனர் ஆடம் சில்வர், மோரிக்குப் பேச உரிமை உண்டுன்னார். நஷ்டம் 40 கோடி டாலர் வரைக்கும் போகலாம்னு பின்னால அவரே சொன்னார். அதே லீக் 2020-ல கறுப்பின மக்களுக்கான வாசகத்தை ஆடுகளத்துலயே எழுதுச்சு, வீரர்கள் சட்டையில வாசகம் போட அனுமதிச்சுது. அதுவும் லீக் ஒத்துக்கிட்ட பட்டியல்ல இருந்து மட்டும்.

இதைப் போலித்தனம்னு திட்டறவங்க நிறைய. எனக்கு அதைவிட உபயோகமா தோணறது, எந்த வருமான வரிசையில அடி விழுதுன்னு பாக்கறது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கான குரலை அந்த லீகோட வீரர்கள்ல பெரும்பாலானவங்களே கேட்டாங்க. வீரர்கள் இல்லாம மேட்ச் இல்லை. ஹாங்காங்குக்காகப் பேசினது ஒரே ஒரு மேனேஜர். எதிர்ல ஒரு முழு நாட்டு ஒளிபரப்பு. சேப்பாக்கத்துல செருப்பு விழுந்தது டிக்கெட் வரிசையில. கல்வான் விழுந்தது ஸ்பான்சர் வரிசையில. பாகிஸ்தான் வீரர்களை 2010 ஏலத்துல ஒரு அணிகூட கேக்கலை, இன்னிக்கு வரைக்கும் கேக்கலை. அங்க லீகுக்கு எந்த வரிசையிலயும் அடி இல்லை, அதனால சத்தமும் இல்லை.

ரொம்ப சமீபத்துல வங்கதேச விவகாரம். 2025 டிசம்பர் ஏலத்துல கொல்கத்தா அணி முஸ்தபிசுர் ரஹ்மானை 9.20 கோடிக்கு எடுத்துச்சு. (நம்ம பத்திரனாவையும் அதே அணிதான் 18 கோடிக்குத் தூக்குச்சு.) 2026 ஜனவரி 3-ம் தேதி அவரை விடுவிக்கச் சொல்லி பி.சி.சி.ஐ. சொல்லிடுச்சு. ரெண்டு நாள்ல வங்கதேச அரசு ஐ.பி.எல். ஒளிபரப்பையே தடை பண்ணுச்சு. ஒன்பது கோடி பெருசுதான். ஆனா 2023-27 ஒளிபரப்பு உரிமை மொத்தம் 48,390 கோடி. அதுல வெளிநாட்டு உரிமைன்னு தனியா வித்த பங்கு ரொம்பச் சின்னது. அதனால இந்திய லீக் வெளிநாட்டு ரசிகனை இழக்கறதுக்கு என்.பி.ஏ. அளவுக்குப் பயப்படறதில்லை. பணம் கொடுக்கற ரசிகன் இங்கேயே இருக்கான்.

உங்க ஆஃபர் லெட்டரையும் ஒரு தடவை படிங்க

சம்பளக்காரங்களுக்கு இதுல இன்னொரு விஷயம் இருக்கு. மோரி கதையில நாம எல்லாருமே மோரிதான். உங்க வேலை ஒப்பந்தத்துலயோ நடத்தை விதியிலயோ சோஷியல் மீடியா பத்தி ஒரு பத்தி கண்டிப்பா இருக்கும். க்ளையண்ட் எந்த நாடுன்னும் உங்களுக்குத் தெரியும். ப்ரொஃபைல்ல கம்பெனி பேரைப் போட்டுட்டு, அந்த க்ளையண்ட் நாட்டு அரசைத் திட்டிப் பதிவு போட்டா, உங்க ஹெச்.ஆர். ஆடம் சில்வர் மாதிரி ரெண்டாவது அறிக்கை எல்லாம் விட மாட்டாங்க. பேசாதீங்கன்னு சொல்லலை. பேசறதுக்கு முன்னாடி ஆறு மாசச் செலவு பேங்க்ல இருக்கட்டும்னு சொல்றேன். அவசர கால நிதி ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லை. மனசுல பட்டதைச் சொல்றதுக்கும் அதுதான் தைரியம் கொடுக்கும்.

சரி, ஷேர்

தம்பி கடைசியில கேட்டான்: "அப்ப வாங்கலாம்கறீங்களா, வேண்டாம்கறீங்களா?"

அரசியல் போராட்டத்துக்காக இந்த ஷேரைப் பாத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேற மூணு விஷயத்துக்கு. லீக்ல இருக்கற அனுமதிக்கு: 2015-ல லோதா கமிட்டி சூதாட்ட விவகாரத்துல சி.எஸ்.கே.வை ரெண்டு வருஷம் வெளிய வெச்சுது, 2016, 2017-ல ஐ.பி.எல். வருமானமே கிடையாது. எந்த ஊர்வலமும் இந்த அளவு அடிச்சதில்லை. அடுத்தது 2027-க்கு அப்புறம் ஒளிபரப்பு உரிமை என்ன விலைக்குப் போகும்ங்கறது. அணியோட பெரிய தூண் அதுதான், தோனியே அதுக்கு அடுத்துதான். மூணாவது ஸ்பான்சர் தொழிலையே ஒரு சட்டம் மூடிடறது. 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி ஆடற ஆன்லைன் விளையாட்டைத் தடை பண்ணின உடனே இந்திய அணி ஜெர்சியில இருந்து ட்ரீம் 11 காணாமப் போச்சே, அந்த மாதிரி.

ஒரே ஆறுதல், அணி இப்போ ஒரே கூடையில இல்லை. ஜோபர்க் சூப்பர் கிங்ஸ், டெக்சஸ் சூப்பர் கிங்ஸ்னு வெளிநாட்டுலயும் கடை திறந்திருக்காங்க. ஆனா அங்க போனதும் அந்தந்த நாட்டு அரசியலும் கூடவே வரும்.

இன்னும் சில நடைமுறை விஷயம். அன்லிஸ்டட் ஷேர்ல வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல இடைவெளி பெருசு. அவசரத்துக்கு விக்கப் போனா தரகர் சொல்றதுதான் விலை. 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. லிஸ்டட் ஷேருக்குக் கிடைக்கற 1.25 லட்ச விலக்கு இதுக்குக் கிடையாது. 24 மாசத்துக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் படி. முக்கியமா, வருஷத்துல ஒரு நாள் ஒரே ஒரு அன்லிஸ்டட் ஷேர் கையில இருந்தாலும் ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. ஐ.டி.ஆர்.-2-ல கம்பெனி பேர், எத்தனை ஷேர், என்ன விலைன்னு எல்லாம் காட்டணும். போன வருஷம் எங்க ஆபீஸுக்கு வந்த சி.எஸ்.கே. ரசிகர்கள்ல பாதிப் பேர் இது தெரியாம ஐ.டி.ஆர்.-1 போட்டுட்டு வந்தவங்க.

அவன் கணக்கைப் பாத்தேன். கிரெடிட் கார்டுல 38,000 நிலுவை, சேமிப்புல ஒரு மாசச் சம்பளம்கூட இல்லை. கார்டை முடிச்சுட்டு, மிச்சத்துல பெரும்பகுதியை அவசர நிதிக்கு ஒதுக்கிட்டு, 20,000-க்கு வேணும்னா மஞ்சள் கலர் வாங்கிக்கோன்னு சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்குச்சு. வெளிய கூட்டம் முடிஞ்சு ஸ்பீக்கரைக் கழட்டிட்டு இருந்தாங்க. வாங்கினா பத்திரத்தை எனக்கு ஒரு காப்பி அனுப்புடா, ஜூலையில ரிட்டர்னுக்குத் தேவைப்படும்னு சொல்லி அனுப்பினேன். இன்னும் வரலை.